திறக்காத கதவு

பேய்ப்படங்களின் இரண்டாம் பாகம் என்றாலே எனக்கு எரிச்சல்தான். முதல் பாகத்தில் ஒரு பேய் வந்தால் இதில் ஒன்பது வரும். பயம் மட்டும் வராது. சரோஜினி நகரில் எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த தஞ்சாவூர்க்காரர் அப்படி ஓர் இரண்டாம் பாகத்தின் சிடியை நீட்டியபோது, "இதெல்லாம் சும்மா பேரை வச்சு ஓட்டறது சார்" என்றேன்.

"நான் நேத்துதான் பாத்தேன். நீங்க பாத்துட்டுப் பேசுங்க" என்றார்.

நவம்பர் மாத ஞாயிறு. காலையிலேயே நானும் மனைவியும் டிவி முன் உட்கார்ந்தோம். கல்யாணமான புதிதில் முதல் பாகத்தைத் தியேட்டரில் பார்த்திருந்தோம். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கதவு திறந்ததும் தியேட்டரே அலறியது. இதிலும் அதே வீடு, அதே கதவு. ஒரு குழந்தை அதில் சாய்ந்துகொண்டு பாடம் படிக்கிறது. இதோ திறக்கப்போகிறது என்று இரண்டு மணி நேரம் நகராமல் கிடந்தோம். கடைசிவரை அது திறக்கவேயில்லை. எங்கள் பழைய பயத்தை மட்டும் நம்பி ஒருவன் முழுப்படத்தையும் எடுத்திருக்கிறான்! அந்தத் துணிச்சலுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

குளிருக்கு முன்னால் ஸ்டோர் ரூமிலிருந்து ரஜாய்களை, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வைகளை, எடுத்து வெயிலில் போடவேண்டியிருந்தது.

"நீங்களே போய் எடுங்க" என்றாள் மனைவி.

சாத்தியிருந்த ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தேன். "இன்னும் அவ்வளவா குளிரலையே. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

பால்கனிக்கு வந்தேன். எதிர்வரிசை முழுக்க ரஜாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரே ஒரு பால்கனி மட்டும் எங்களுடையதைப் போலவே காலியாக இருந்தது. சிடி கொடுத்தவருடையது.