சூடம் அடித்து வாங்கிய ஓட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காலைப் பனிமூட்டத்தில் தேர்தல் லோரி கண்ணுக்குத் தெரியாது. மைக் சத்தம்தான் முதலில் வரும்... "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று கரகரவென. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் விளக்கு, அப்புறம்தான் கொடி.

நேற்று இங்கே ஈப்போவில், எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே அதே மாதிரி ஒன்று போனது. எரிச்சலில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

அப்போது நான் மலைமேலேயே தானா ராத்தா டவுனில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள், ஓய்வு பெறப் போகிற நேரம். லைன் வீட்டுக்கு ஒரே சட்டம்தான்... தோட்டத்தில் வேலை இருக்கும் வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்த லைனிலேயே பிறந்தவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

அந்தத் தேர்தலில் சரியான இழுபறி. மலாய்க் கிராமங்களான கம்பங்களில் பாதிப் பாதி. சீனர்களின் காய்கறித் தோட்டங்கள் ஒரு பக்கம், அஸ்லி பூர்வகுடிகளின் கிராமங்கள் இன்னொரு பக்கம். எஸ்டேட் தமிழர்கள் யாருக்குப் போடுகிறார்களோ அவர்தான் ஜெயிப்பார் என்று டவுனெல்லாம் பேச்சு. அடேயப்பா... அந்தச் சில வாரம் எங்களுக்குக் கிடைத்த மரியாதை!

தேர்தலில் நின்ற இருவரில் ஒருவர் கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் போடும் சீனர். ஓய்வு பெற்றவர்களுக்கு வீட்டு நிலம் கேட்டு, தேர்தலுக்கு முன்பிருந்தே ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

"அக்கா, நான் ஜெயிச்சா கேக்குறேன். தோத்தாலும் கேக்குறேன் லா."

அம்மாவுக்கு அந்த ஆளைப் பிடித்துப் போனது.

மற்றவர் 'நம்ம ஆளு'. கோலாலம்பூர்க்காரர். கழுத்து நிறைய மாலையோடு வந்து, "வீடு என் பொறுப்பு" என்று மைக்கில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

ஓட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அவருடைய கட்சிக்குத் தோட்டத்துத் தலைவரான முத்தையா மாமா, பழைய கங்காணி, பெண்களை எல்லாம் மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார். தட்டில் சூடத்தைக் கொளுத்தினார்.

"நம்ம ஆளு நிக்கிறப்போ சீனனுக்கு ஏன் போடணும்? எல்லாரும் சூடத்த அடிச்சு ஆத்தா மேல சத்தியம் பண்ணுங்க."

முதலில் நின்றவள் அடித்துவிட்டாள். அப்புறம் அடுத்தவள் எப்படி மாட்டேன் என்பாள்? எங்கள் அம்மாவும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது கெஞ்சிப் பார்த்தேன்.

"உள்ள யாரும் பாக்க மாட்டாங்கம்மா. உனக்குப் பிடிச்சவருக்கே போடு."

"ஆத்தா பாப்பாடி. மாத்திப் போட்டு, உன் உசுருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

சத்தியம் பண்ணியபடியே போட்டுவிட்டு வந்தாள்.

ஓட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். கடைசியில் 'நம்ம ஆளு' மயிரிழையில் ஜெயித்தார். எங்கள் தோட்டத்து ஓட்டுத்தான் காப்பாற்றியது என்று அவரே மேடையில் சொன்னார். மேளம் என்ன, பட்டாசு என்ன!

அம்மா ஓய்வு பெற்றதும் தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். ஜெயித்தவரின் ஆபீஸுக்கு நடையாய் நடந்தோம். ஒரு தடவைகூட ஆளைப் பார்க்க முடியவில்லை. "ஒய்.பி. மீட்டிங்ல இருக்காரு ஆண்ட்டி. நெலம் ஸ்டேட் கவர்மெண்டோடது, பேசிக்கிட்டுத்தான் இருக்காரு" என்பான் உதவியாளன். ஒய்.பி. என்றால் மாண்புமிகு. தோற்ற சீனர் சொன்னபடியே கேட்கப் போனார். தோற்றவர் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

ஈப்போவுக்குச் சாமான் ஏற்றுகிற அன்று, பீரோவைத் தூக்க முத்தையா மாமாதான் ஒரு கை கொடுத்தார். அம்மா நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணே, எங்ககிட்ட எல்லாம் சத்தியம் வாங்குனீங்களே. அவருகிட்ட ஏன் வாங்கல?"

மாமா பீரோவைக் கீழே வைத்துவிட்டார்.

"அவரு பெரிய மனுசன் தங்கச்சி... அவரு முன்னாடி எப்படித் தட்ட நீட்டுறது?"

எங்கள் முன்னால் நீட்டும்போது மட்டும் எந்தக் கூச்சமும் இல்லையே!

இப்போது யாரும் கோயிலுக்குக் கூப்பிடுவதில்லை. வாக்குறுதி எல்லாம் வாட்சாப்பில் வருகிறது, கூடவே கைகூப்பும் பொம்மை. யார் எந்தக் கட்சி என்பதே எனக்கு மறந்துவிடுகிறது.

அம்மாவின் ஐ.சி. அடையாள அட்டையில் மட்டும் இன்னும் பழைய விலாசம். அதனால் தேர்தலுக்குத் தேர்தல் ஈப்போவிலிருந்து மலையேறிப் போய் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டு. போன தடவை எங்கள் வீட்டு வாசலில் யாரோ நேபாளித் தொழிலாளியின் சட்டைகள் காய்ந்தன. பாவம், அவனுக்கும் அதே சட்டம்தான்.

"விலாசத்த மாத்திடலாம்மா. ஓட்டுக்காக எதுக்கு இவ்ளோ தூரம்?" என்றேன்.

"வேணாம்டி. வீடுதான் குடுக்கல... பேராவது அங்க கெடக்கட்டும்."

குந்த ஒரு இடம் தராத ஊரில், அம்மாவுக்கு இன்னும் ஓட்டு மட்டும் இருக்கிறது.