முப்புடாதி அக்கா எங்கள் தெருவுக்கு வந்தார்

ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பாவூர்சத்திரத்தில் பஸ் இறங்கினேன். மார்க்கெட் சுவரில் புதிதாக ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். போஸ்டர்களுக்கு மார்க் போடுவது எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் பழைய விளையாட்டு. செத்தவர் படம் ஸ்டாம்பு அளவிலும் போஸ்டர் அடித்தவர் படம் பானை அளவிலும் இருந்தால் நூற்றுக்கு நூறு. இந்தப் போஸ்டரில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. கீழே ‘காய் தரம்பிரிக்கும் பெண்கள்’ என்று மட்டும் போட்டிருந்தது. மார்க் குறைக்கலாம் என்று கிட்டே போனேன். சுரண்டை முப்புடாதி என்று எழுதியிருந்தது. விளையாட்டு அதோடு முடிந்தது.

கமிஷன் கடை வாசலில் வெங்காயம் புடைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். காய்ச்சல் என்றார். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அக்கா நாலு நாள் வேலைக்கு வந்தாராம். அஞ்சாம் நாள் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில் நேரம் தாண்டிவிட்டதாம். சொல்லிவிட்டு அவர் மறுபடி முறத்தைக் கையில் எடுத்தார். நின்றால் கூலி நிற்கும் என்பது எனக்கும் தெரியும்.

வீடு வீடாகப் போய் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதுகிற சத்துக் கணக்கெடுப்பில் முப்புடாதி அக்காவோடு வேலை பார்த்த அக்காமார்களே, நீங்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உங்களில் யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. உங்களில் சிலருக்கு எங்கள் தெருவின் பெயரைக் கேட்டாலே ஆகாது என்பதும் தெரியும். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன வருடம் முழுப்பரீட்சை லீவில்தான் அக்கா முதலில் வந்தார். தோளில் ஒரு பை. அதற்குள் ஒரு சின்னத் தராசு, கோடு போட்ட டம்ளர், இரண்டு கிண்ணம், கரண்டி, படிவக் கட்டு. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர். கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டு பாவூர்சத்திரத்துக்கு அனுப்புகிறவர்கள். காய் விளைவிக்கிற வீட்டில் காய் தின்கிறார்களா என்று பார்ப்பதற்காக வந்திருப்பதாகச் சொன்னார். கிராமத்தை கிராமில் நிறுக்க ஆள் வந்திருக்கிறது என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ‘தராசு அக்கா’ என்ற பட்டப்பெயரும் நான் வைத்ததுதான். இரண்டும் அவர் காதுக்குப் போயின. இரண்டுக்கும் சிரித்தார்.

முதல் நாள் அம்மா தோட்டத்துக்குப் போயிருந்தாள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அக்கா என்னிடம் கேட்டார். காலையில் பூரி, மத்தியானம் மட்டன் பிரியாணி, ராத்திரி பரோட்டா, படுக்கப் போகையில் பாதாம் பால் என்றேன். தலையைத் தூக்காமல் எல்லாவற்றையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, “பிரியாணிச் சட்டிய யாரு கழுவுனா?” என்று கேட்டார். அம்மா என்றேன். “எங்கன கவுத்தி வெச்சிருக்கு? எடுத்துட்டு வா, பாப்போம்” என்றார். எங்கள் வீட்டில் கவிழ்த்து வைத்திருந்தது ஒரு சோற்றுப் பானையும் ஒரு ரசச் சட்டியும்தான். அக்கா அந்தப் படிவத்தின் குறுக்கே கோடு அடித்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

“நீ சொல்லுத பிரியாணி உங்க அம்மா ரத்தத்துல வராதுட்டி” என்றார். குரலில் கோபம் இல்லை.

சட்டி கேட்பதுதான் அவருடைய வழி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பெண்களிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் என்ன சமைத்தேன் என்பதைத்தான் சொல்வார்கள். சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல், அப்பளம் என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அது அப்பா தட்டின் கணக்கு. “சமைச்சத சொல்லாதீங்க மதினி, தின்னத சொல்லுங்க” என்று அக்கா கேட்டால் முழிப்பார்கள். தான் தின்றது யாருக்கும் நினைவிருக்காது. எந்தச் சட்டியைக் கழுவினோம், அதில் அடியில் என்ன ஒட்டியிருந்தது என்பது மட்டும் நினைவிருக்கும். அங்கேயிருந்து பின்னால் நடந்து அக்கா கண்டுபிடிப்பார். அக்கா இரண்டாவது தடவை வந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள். அவள் முந்தின நாள் மத்தியானம் தின்றது ரேஷன் அரிசிச் சோறும் ரசத்தின் வண்டலும் என்று அப்படித்தான் எனக்கே தெரிந்தது. காய் போடவில்லையா என்று அக்கா கேட்டதற்கு, நல்ல காயெல்லாம் மூட்டைக்குப் போய்விட்டது, சொத்தைக் கத்தரிக்காய் நாலு கிடந்தது, அது பிள்ளைகளுக்கு என்று அம்மா சொன்னாள். அக்கா அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

அக்கா போன பிறகு அம்மா என்னைத் திட்டினாள். பிரியாணி என்று பொய் சொன்னதற்காக இல்லை, ரசச் சட்டியை எடுத்துக் காட்டியதற்காக.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

சட்டி விஷயத்தில் அக்காவிடம் தோற்றுப்போனது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கா மறுபடி வருவதாகச் சொன்ன வாரத்தில் குழாயடியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அடுத்த வீட்டுச் சொர்ணத்து அத்தை. அவர்கள் வீட்டில் நாலு கோழி உண்டு. “அத்தே, சேதி தெரியுமா? தராசு எதுக்குன்னு நெனச்சிய? யாரு வீட்ல முட்டை பாலுன்னு நல்லா திங்கிறாவளோ, அவங்க ரேஷன் அரிசிய நிப்பாட்டப் போறாவளாம்” என்றேன். அத்தை முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன். குடம் நிறைகிற நேரத்துக்கு ஒரு சிரிப்பு. நான் நினைத்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மா தோட்டத்திலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு எனக்கே அந்தச் சேதியைச் சொன்னாள். அதற்குள் அது வளர்ந்திருந்தது. பண்பொழிப் பக்கம் ஒரு தெருவில் முப்பது கார்டை வெட்டிவிட்டார்களாம். ஒரு தடவை சோற்றை நிறுக்க விட்டாலே ரேஷன் லிஸ்டிலிருந்து அந்த வீட்டுப் பெயர் போய்விடுமாம். நான் வாயைத் திறந்தேன். அம்மா நம்பிய விதத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். சொன்னால் அடி நிச்சயம். நாலு நாளில் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அடங்கவில்லை. அடுத்த தடவை அக்கா வந்தபோது தெருவில் ஒரு கோழியும் கண்ணில் படவில்லை. முட்டை வைக்கும் கூடைகள் பரணுக்கு ஏறிவிட்டன. பதினோரு வீட்டிலும் கஞ்சி, துவையல், கஞ்சி, துவையல். சட்டிகளைக் கேட்டால், அக்கா வருவதற்கு முன்பே எல்லாச் சட்டியும் கழுவி வெயிலில் கிடந்தது. அவருடைய வழியை நாங்கள் கற்றுக்கொண்டு அவரையே அடைத்துவிட்டோம். எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர் என்னைப் பார்த்து, “என்னட்டி, உங்க தெரு ஒரே அடுப்புலயா ஆக்குது?” என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தத் தெருவில் ஏதோ தப்பு நடக்கிறது, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று அவரே ஆபீசில் கேட்டாராம். உங்களில் ஒருவர்தான் இதை எனக்குச் சொன்னது. ஆனால் பதினோரு படிவமும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருப்பதைக் கண்ட மேலதிகாரிக்கு வேறு விதமாகத் தோன்றிவிட்டது. வீடுகளுக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து அக்காவே எழுதி நிரப்பிவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஜீப்பில் அவரையும் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்.

ஸ்கூல் திறந்து முதல் சனிக்கிழமை அது. சொர்ணத்து அத்தை வீட்டு வாசலில் அக்காவை நிறுத்தி, இந்தம்மா உங்கள் வீட்டுக்கு வந்தார்களா, சோற்றை நிறுத்தார்களா என்று அதிகாரி கேட்டார். அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். “இங்கன யாரும் வரல சார்” என்றாள். அந்த வாசலில் அக்கா மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அடுத்த வீடும் அதையே சொன்னது. எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா, தான் விடிந்தால் தோட்டத்துக்குப் போய்விடுவதாகவும் ஒன்றும் தெரியாது என்றும் சொன்னாள். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“நான் ஸ்கூலுக்குப் போயிருவேன் சார்” என்றேன்.

அக்கா வந்ததெல்லாம் மே மாதம். அதிகாரிக்கு அது உறைக்கவில்லை. அக்காவுக்கு உறைத்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். “போதும் சார், வாங்க. ரேஷனுக்குப் பயப்படுதாவ. நான் என்ன சொன்னாலும் அவங்களுக்கு ஏறாது” என்றார். போகும்போது சொர்ணத்து அத்தையிடம் மட்டும், “முட்டைய ஒளிச்சது ஒளிச்சிய, பிள்ளைக்காவது குடுங்க மதினி” என்றார். ஜீப் திரும்பிப் போனது. தெரு ஜெயித்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அக்காவை வேலையை விட்டு எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

எங்கள் தெருவின் படிவங்களை மொத்தமாக நீக்கிவிட்டார்களாம். கணக்குப்படி அந்த மாதம் எங்கள் தெரு எதையும் தின்னவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் அப்பாவோடு மிளகாய் மூட்டை ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரம் போயிருந்தேன். கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து, தக்காளியில் பழுத்தது, அடிபட்டது, காய் என்று அக்கா பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு எழுந்து வந்தார். அம்மாவுக்கு ரத்தம் கூடியிருக்கிறதா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள் என்றேன். மாத்திரையைச் சாப்பிடுகிறாளா, டப்பாவில் சேர்க்கிறாளா என்றார். எனக்குத் தெரியவில்லை. பிளஸ் டூ எப்படிப் போகிறது என்றார். வகுப்பில் என் வாய்தான் முதல் மாணவி என்றேன். அதற்குச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு வேல போனது கூட செரிட்டி. மரத்தடியில உக்காந்து எழுதுனவன்னு எம் மககிட்ட ஒருத்தி சொல்லிட்டா. அவ என்கிட்ட வந்து, நெசமாம்மான்னு கேக்கா. ரேஷன வெட்டுவாவன்னு உங்க தெருவுல யாருட்டி கெளப்பிவிட்டா?”

“தெரியலக்கா” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தக்காளிக்குத் திரும்பினார். அப்பா கூப்பிட்டார், போய்விட்டேன். போஸ்டர் ஒட்டிய சுவர் அந்தக் கடைக்கு எதிரில்தான் இருக்கிறது. நடுவில் ஆறு மாதம். வாரம் இரண்டு தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கவில்லை.

போஸ்டரைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். “செத்தவகிட்ட இப்ப சொல்லி என்னட்டி ஆகப்போகுது? தெருவுல தெரிஞ்சா நாம குடியிருக்க வேண்டாமா?” என்றாள். களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, “நானும்லா அன்னிக்கு தெரியாதுன்னேன்” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதை எழுதிக்கொள்ள ஆள் இல்லை.

மூன்று நாள் கழித்துச் சுரண்டைக்குப் போனேன். அக்காவின் மகள் தர்ஷினி ஒன்பதாம் வகுப்பு. மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்பதையும், குழாயடியில் என்ன சொன்னேன் என்பதையும், அதிகாரியிடமும் அவள் அம்மாவிடமும் என்ன பதில் சொன்னேன் என்பதையும் வரிசையாகச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே ஒன்றும் நிற்கவில்லை, மொட்டையாகத்தான் வந்தது.

அவள் அழவில்லை. அட்டையை மடித்து முடித்தாள்.

“எங்கம்மா கடைசி வரைக்கும் உங்க தெருவ ஒரு வார்த்த ஏசல. நான் ஏசுவேன்” என்றாள். ஏசினாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எல்லாம் எனக்குப் பொருந்தின. முடித்துவிட்டு, “இத எழுதிக் குடுங்க. உங்க பேரு போட்டு. எங்கூட படிக்கிறவங்ககிட்ட காட்டணும்” என்றாள்.

அதனால்தான் இதை எழுதி உங்கள் மலருக்கு அனுப்புகிறேன்; அச்சில் வந்தால் அவள் எல்லோருக்கும் காட்டலாம். அக்காமார்களே, அவருடைய நினைவாக உங்களிடம் பை இருக்கும், போட்டோ இருக்கும், சேர்ந்து சாப்பிட்ட மத்தியானங்கள் இருக்கும். என்னிடம் அவர் கேட்டுவிட்டுப் போன கேள்வி ஒன்றுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன். பதிலை அவர் மகளுக்குக் கொடுக்கிறேன்.

முப்புடாதி அக்கா எங்கள் தெருவுக்கு மே மாதத்தில் மூன்று முறை வந்தார். பதினோரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்தார். சோற்றை நிறுத்தார். அவர் ஒரு வரியையும் மரத்தடியில் எழுதவில்லை. ரேஷன் கதையைக் கிளப்பிவிட்டது நான்.

ச. கோமதி