படகு வரிசையில் ராக்னாவின் வானொலி

ராக்னாவுக்கு வானொலி இல்லாமல் கார் ஓட்டத் தெரியாது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை. எங்கள் நார்வேக் கடலோரத்துப் பண்ணை வீடுகளுக்கெல்லாம் காலம் முழுக்கத் தபால் கொடுத்தவள் அவள். பெட்டிக்குப் பெட்டி நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கடிதத்தைத் திணித்துவிட்டு மறுபடி கிளம்புகிற வேலை. வழித்துணைக்கு வானொலி ஒன்றுதான். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. "வீட்டுக்குள்ள ஒரு ஆம்பளை வேற பேசணுமா? அதான் செய்தி வாசிக்கிறவன் பேசறானே" என்பாள்.

சொந்தமென்று இருந்தது ஒரே தம்பி, சிவர்ட். அவனோடும் பத்து வருடமாகப் பேச்சு கிடையாது. அவன் மனைவி இறந்தபோதுகூட இவள் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள் நான். என்னையே மிரட்டி வைத்திருந்தாள். "போர்கில், அவன் பேச்சை எடுத்தே, இனிமே இந்த வீட்டுல உனக்குக் காப்பி கிடையாது." நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கணக்குப் போடாமல் இல்லை. இரண்டு பேருக்கும் எழுபதை எட்டும் வயது. ஒருவர் போய்விட்டால் மற்றவர் எந்த முகத்தோடு சவப்பெட்டிக்கு முன்னால் நிற்பது?

சண்டை எதற்கென்று கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அவர்கள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் தேவாலயக் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். சிவர்ட் நடுவில் எழுந்துபோய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு ஐம்பது கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம். வானொலி வர்ணனை ஜன்னல் வழியாகக் கூடம் வரைக்கும் கேட்டது. பாதிரியார் பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ராக்னா எழுந்து வெளியே போனாள், கார்க் கதவைத் திறந்தாள், "இனிமே எனக்குத் தம்பி கிடையாது" என்று சொல்லிவிட்டு அறைந்து சாத்தினாள். அவ்வளவுதான்.

எனக்கு ஆற்றாமையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த இரண்டையும் நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை குழந்தைகள் நிகழ்ச்சி வரும். அவர்கள் வீட்டு வானொலியோ சரியான சண்டி. மலைக்குப் பின்னால் வீடு. ஏரியல் கம்பியை ஜன்னலுக்கு வெளியே பிடித்தால்தான் குரல் வரும். பிடிப்பது யார்? சிவர்ட்தான். பனியில் காலைப் புதைத்துக்கொண்டு கம்பியைத் தூக்கியபடி நிற்பான். உள்ளேயிருந்து நாங்கள், "இன்னும் மேலே தூக்குடா! கொஞ்சம் இடப்பக்கம்! அசையாதே!" என்று கத்துவோம். கதை முடிந்ததும் மூக்கு சிவக்க உள்ளே வருவான். ராக்னா அவன் கையைத் தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்துத் தேய்த்து, கேட்ட கதையை முழுசாக, எல்லார் குரலிலும் பேசிக் காட்டுவாள். அந்தக் கதைகளை இப்போது நினைத்தாலும் வானொலியில் வந்த குரல் எனக்கு நினைவில்லை, ராக்னாவின் குரல்தான் நினைவிருக்கிறது. என்ன நாட்கள் அவை!

நிற்க. நார்வேயில் மாவட்டம் மாவட்டமாகப் பழைய பண்பலையை நிறுத்திய குளிர்காலம் வந்தது. எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதாம். வீட்டு வானொலியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம். காரை என்ன செய்வது? ராக்னாவின் கார் அவள் ஓய்வுபெறுவதற்கு வெகு முன்னால் வாங்கியது. ஊரில் இருப்பதோ ஒரே மின்சாமான் கடை. கடைக்காரன் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தான். சிகரெட் பற்றவைக்கிற துளையில் செருகினால் அது டிஜிட்டல் ஒலிபரப்பையும் கைபேசியில் கூப்பிடுகிறவர் குரலையும் பிடித்து, பழைய வானொலிக்குப் புரிகிற அலையில் அனுப்பும். எந்த அலை? 87.5. ஊரில் வாங்கிய அத்தனை பேருக்கும் அதே எண்ணைத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான்! கேட்டால், "எனக்கும் ஞாபகம் வெச்சுக்க சுலபமா இருக்கணும்ல" என்றானாம்.

சோதித்துப் பார்க்க ஒருநாள் கிளம்பினோம். முன்கண்ணாடியில் மீன்முள் போல ஒட்டியிருந்த ஆண்டெனாவை ராக்னா முறைத்துக்கொண்டே ஓட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. செய்தி வாசிக்கிறவன் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. ஆனால் முதல் மலைமுனையைத் திரும்பியதும் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று.

"என்னடி இது, வாயைப் பொத்தின மாதிரி!"

"மலை மறைக்குது. கொஞ்சம் பொறு."

"பழசு இந்த இடத்துல கரகரன்னும், கொஞ்சம் இருமும், ஆனா விடாம பேசிட்டு வரும். எந்த வளைவுல எப்படிக் கரகரக்கும்னு எனக்கு அத்துப்படி. கண்ணை மூடிட்டு எந்த ஊருன்னு சொல்லுவேன். இது என்னடான்னா ஒண்ணு முழுசாப் பேசுது, இல்லைன்னா செத்துடுது."

எனக்கு நாக்கு அரித்தது. "உன்னை மாதிரியேதான். நிறுத்தினா பத்து வருஷம்."

அவள் ஆண்டெனாவை விட்டுவிட்டு என்னை முறைத்தாள். காப்பி கிடையாது என்று மட்டும் சொல்லவில்லை. அதையே நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

அக்கரையிலும் சோதிக்க வேண்டும் என்று படகுத் துறைக்குப் போனோம். அப்போது பாலம் வரவில்லை, கார்களையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் படகுதான். ஓய்வுபெறும்வரை அந்தப் படகின் சிற்றுண்டிச் சாலையில்தான் நான் வேலை பார்த்தேன். நான் சுட்ட இனிப்பு அப்பத்தைத் தின்னாத வாய் இந்தக் கரையில் இல்லை. வரிசையில் நின்றால் இன்ஜினை அணைத்துவிட வேண்டும், அது துறையின் சட்டம். ராக்னா சாவியைத் திருப்பினாள். அவள் காரில் சாவியை அணைத்தால் அந்தத் துளைக்கு மின்சாரம் நின்றுவிடும். சின்னப் பெட்டி கண்ணை மூடியது. பழைய வானொலி மட்டும் தன்பாட்டில் 87.5-இல் விழித்துக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் திடீரென்று அக்கார்டியன் இசை! நடனப் பாட்டு, கும்மாளமாக.

"பெட்டிதான் அணைஞ்சுடுச்சே, இது எங்கேருந்துடி வருது?" என்றாள்.

நான் பக்கத்து வரிசையைப் பார்த்தேன். நீலக் கார். உள்ளே சிவர்ட். ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. கடைக்காரனின் திருவிளையாடல் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது: சிவர்ட்டின் காரில் அந்தத் துளைக்கு மின்சாரம் நிற்கவில்லை, அவன் பெட்டி அனுப்புவதை இவள் வானொலி பிடிக்கிறது. ராக்னாவும் பார்த்துவிட்டாள். முகம் கடுத்தது. குமிழை அணைக்கக் கை நீட்டினாள்.

அதற்குள் இசை நின்றது. தொலைபேசி மணி ஒலித்தது. பிறகு ஒரு பெண்குரல், எங்கள் காருக்குள்.

"சிவர்ட்டா? ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். வியாழக்கிழமை உங்க இதய ஆபரேஷன் விஷயமா."

ராக்னாவின் கை அந்தரத்தில் நின்றது. சிவர்ட் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. உதடு அசைவது மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பேசியவள் குரல் மட்டும் வந்தது.

"ஒரே ஒரு கேள்விதான். நெருங்கின சொந்தம்னு யார் பேரைப் போடட்டும்? ஏதாவது ஆச்சுன்னா நாங்க யாரைக் கூப்பிடறது?"

சிவர்ட் தலையை ஆட்டினான்.

"மனைவி... ஓ, மன்னிச்சுக்குங்க. பிள்ளைங்க? இல்லையா. கூடப் பிறந்தவங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு உதடு லேசாக அசைந்தது.

"புரியுது. அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்ங்கறீங்க. சரி, அந்த இடத்தைக் காலியா விட்டுடறேன்."

அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதன், நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள், கூப்பிட ஆளில்லை! திரும்பி ராக்னாவைத் திட்டத்தான் வாயெடுத்தேன். இருக்கையில் ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது. கோட்டுகூடப் போடாமல் அந்தக் காற்றில் போய் நீலக் காரின் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். படகு வந்துவிட்டது. துறை ஊழியன் முன்னே வரச் சொல்லிக் கையை வீசினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி இறங்கியது.

"என் பேரைப் போடச் சொல்லு!" அவள் கத்தியது எனக்கு நேராகவே கேட்டது. "காலியா விடறதாம் காலியா! நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ராக்னா... உனக்கு எப்படி..."

"வரிசை பூரா கேட்டுக்கிட்டிருக்குடா, மடையா! சொல்லு அவகிட்ட!"

எங்களுக்குப் பின்னாலிருந்த கார்கள் விலகி எங்களைக் கடந்து போகத் தொடங்கின. எங்கள் ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, அன்றைக்கும் அடிக்கவில்லை. சிவர்ட் அக்காவைப் பார்த்தபடியே என்னவோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் அவன் குரல் எனக்கு வந்து சேரவில்லை. ராக்னா ஜன்னல் வழியே கையை உள்ளே விட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் அவள் காரில் தனியாக, அந்தப் பழைய வானொலிக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணின் குரல் சுத்தமாக, ஒரு கரகரப்பில்லாமல் வந்தது.

"அக்காவா? சரி, அக்கான்னு எழுதிக்கறேன்... எழுதிட்டேன் சிவர்ட், எழுதிட்டேன். எத்தனை தடவை சொல்வீங்க?"