ஆம்ப்ரோஸ் காரின் ஞாபக சக்தி

தோ பாயோ அடுக்குமாடிப் பேட்டையில் ஆம்ப்ரோஸ் குடியிருந்த புளோக்கில் கார் வைத்திருந்தவர்கள் பலர். ஆனால் கம்ப்யூட்டர் வைத்த கார் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. கடைக்காரன் அப்படித்தான் சொல்லி விற்றான்; ஆம்ப்ரோஸும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். எண்பத்தெட்டில் வாங்கிய ஜப்பான் கார் அது. கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். கீழ்த்தளத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டு, பானெட்டைத் திறந்து, எங்கோ உள்ளே இருக்கும் ஒரு பெட்டியைக் காட்டப் பார்ப்பார். பெட்டி கண்ணுக்குத் தெரியாது. அது டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. அவருக்கே அது தெரியாது.

ஆம்ப்ரோஸ் பிறந்தது செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். ஆங்கிலேயர் மூட்டை கட்டியபின் தளம் கப்பல் பட்டறையாயிற்று. அவர் அங்கே பண்டகசாலை எழுத்தரானார். நாடெங்கும் உற்பத்தித்திறன் பற்றிச் சுவரொட்டி ஒட்டிய காலத்தில், அவருடைய பிரிவில் தரக் கட்டுப்பாட்டு வட்டம் என்ற ஊழியர் குழுவுக்கு அவரே தலைவர். சும்மா இருக்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டில் மின்விசிறி ஆளில்லாமல் சுற்றினால் பாவம் என்பார். மனைவி பிரிஜட் மீன் குழம்பு கொதிக்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்தால், அந்த இடைவெளியில் வெங்காயம் உரிக்கலாமே என்பார். பிரிஜட் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். பகலெல்லாம் கோபக்காரர்களின் குரலைக் கேட்டுப் பழகியவள். அவள் உட்கார்ந்தே இருப்பாள்.

கார் ஓட்டும் உரிமம் இருவருக்கும் இருந்தது. பிரிஜட் முதல் தடவையிலேயே தேறினாள். ஆம்ப்ரோஸ் நான்காவது தடவையில் தேறினார். பிரிஜட்டைச் சோதித்த அதிகாரிக்கு அன்று மனசு நன்றாக இருந்தது என்பது அவர் கொடுத்த விளக்கம்.

வாங்கிய சில மாதங்களில் கார் வெட்டி வெட்டிப் போக ஆரம்பித்தது. சிக்னலில் பச்சை விழுந்ததும் ஒரு கணம் யோசிக்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பாயும். ஆம்ப்ரோஸ் அதைச் சின் மிங் சாலையில் பட்டறை வைத்திருந்த ரவூபிடம் கொண்டுபோனார். ரவூப் பழைய லாரிகளைப் பிரித்து மாட்டியே வளர்ந்தவன். கம்ப்யூட்டர் கார் அவனுக்கும் புதிதுதான். ஆனால் தெரியாது என்று சொல்வது வியாபாரத்துக்கு நல்லதல்ல என்பது அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, இந்தக் காருக்கு மெமரி இருக்குலா," என்றான். "ஆக்சிலரேட்டர எப்படி மிதிக்கிறீங்க, கியர் எப்ப மாறணும், எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கும். கத்துக்கிட்டிருக்கு. டைம் குடுங்க."

ரவூப் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தான். ஆம்ப்ரோஸுக்கோ அது வேதவாக்காகப் பட்டது. கார் தன்னைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது! கப்பல் பட்டறையில் எத்தனையோ இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் ஒருவனும் அவரைப் பார்த்து எதையும் கற்றதில்லை. கடைசியில் ஒரு இயந்திரம் முன்வந்திருக்கிறது. அன்றிலிருந்து காருக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரே மாதிரி மிதித்தார். வேறு யாரும் ஓட்டக்கூடாது என்று வீட்டில் அறிவித்தார்.

"ரெண்டு வாத்தியார் ஒரு பிள்ளைய வளர்க்க முடியாது, பிரிஜட். குழம்பிப் போயிரும்."

"அது கார்ங்க," என்றாள் பிரிஜட்.

"கம்ப்யூட்டர் கார்."

அவள் பேருந்திலேயே வேலைக்குப் போய்வந்தாள். கார் கற்றுக்கொண்டுதான் இருந்தது. வெட்டுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஆண்டு இறுதியில் ஆம்ப்ரோஸின் தங்கை உர்சுலாவின் மகள் ஜோசபினுக்குக் கல்யாணம். ஓஃபிர் சாலைக் கோயிலில் திருப்பலி, தோ பாயோவில் மண்டபம். மணமக்களின் ஊர்தி ஆம்ப்ரோஸின் கார்தான் என்பதை அவரே முடிவு செய்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலைகளைத் தேக்கா சந்தையிலிருந்து எடுத்துவர ஆளில்லை. ஆம்ப்ரோஸ் முடிதிருத்தகத்தில் இருந்தார். உர்சுலா கெஞ்ச, பிரிஜட் சாவியை எடுத்துக்கொண்டு தேக்காவுக்கு ஓட்டிப்போய், மாலைகளோடு திரும்பி, அதே இடத்தில் காரை நிறுத்தினாள். அன்று சாயந்தரமே கணவரிடம் சொல்லியும்விட்டாள். ஆம்ப்ரோஸ் கீழே இறங்கிப்போய்க் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். இரவுச் சாப்பாட்டில் இரண்டாம் தடவை குழம்பு கேட்கவில்லை.

மறுநாள் திருப்பலி முடிந்து மணமக்கள் பின்னிருக்கையில் ஏறினார்கள். முன்னிருக்கையில் மாப்பிள்ளையின் தகப்பனார் இயேசுதாசன் அமர்ந்தார். மடியில் கேக். வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. சாம்பல் நிறத்தில் புதுக் கோட்டு போட்டிருந்தார். சிராங்கூன் சாலையில் சிக்னல் பச்சையானது. கார் யோசித்தது. பிறகு பாய்ந்தது. உடனே தானாகவே அடங்கி நின்றது. கேக்கின் மேலடுக்கு எழுந்து, இயேசுதாசனின் கோட்டில் கழுத்துப் பட்டைக்குக் கீழே குடியேறியது. அதன் உச்சியில் இருந்த சர்க்கரை மணமக்கள் இருவரும் கியர் கம்பியருகே விழுந்தார்கள்.

மண்டபத்து வாசலில் காத்திருந்தவர்கள், கார்க் கதவு திறந்ததும் சம்பந்தியின் கோலத்தைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்கள். உர்சுலா நாப்கினைத் தேடி ஓடினாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பதை உணர்ந்த ஆம்ப்ரோஸ், கூட்டத்தில் பிரிஜட்டைத் தேடிப் பிடித்தார்.

"நேத்து இவ வண்டிய எடுத்தா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "மெமரி கெட்டுப்போச்சு. இத்தன மாசமா நான் கத்துக்குடுத்தது ஒரே நாள்ல போச்சு."

பிரிஜட் அவரைப் பார்த்தாள். தொலைபேசி நிலையத்தில் திட்டுகிற வாடிக்கையாளரிடம் எப்படி இருப்பாளோ, அப்படியே இருந்தாள். பிறகு நாப்கினை வாங்கி, இயேசுதாசனின் கோட்டைத் துடைத்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது உர்சுலாவின் மாமனார் வீட்டாரோடு வேனில் ஏறிக்கொண்டாள். வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாடு நிற்கவில்லை, அதனால் ஆம்ப்ரோஸுக்கு விஷயத்தின் தீவிரம் புரியச் சில நாள் பிடித்தது.

அடுத்த வாரம் ரவூபிடம் போனார். "மெமரிய அழிச்சிரு. முதல்லேருந்து ஆரம்பிப்போம். என் வீட்டுக்காரி கால் பட்டது ஒண்ணும் மிச்சம் இருக்கக்கூடாது."

இதற்குள் ரவூப் கொஞ்சம் விசாரித்து வைத்திருந்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஓரமாக மடக்கி வைத்தான். தேநீர் வாங்கிவரச் சொன்னான், இருவரும் குடித்தார்கள். பெட்டியில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய நேரமாகும் என்றான். பிறகு முனையை மாட்டி முடுக்கினான். டேஷ்போர்டில் கடிகாரம் ஒரு மணி என்று கண் சிமிட்டியது. வானொலி தமிழ் ஒலிபரப்பை மறந்து வெறும் இரைச்சலைப் பாடியது.

"எல்லாத்தையும் மறந்திருச்சு," என்றார் ஆம்ப்ரோஸ், நிம்மதியாக.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ஏர்கான் வேணாம், லைட் வேணாம். பெடல்ல காலே படக்கூடாது. இன்ஜின் சூடாகி முன்னாடி ஃபேன் ஓடுற வரைக்கும் சும்மா விடுங்க. அதுவே நிதானத்த கத்துக்கும். அப்புறம் ஓட்டிக் காட்டுவோம்."

சும்மா இருப்பது ஆம்ப்ரோஸுக்கு நரகம். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, கால்களை இருக்கைக்கடியில் மடக்கி, வியர்வை ஒழுக உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடி நின்றது. ரவூப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொள்ள, கார் தாம்சன் சாலையில் இறங்கியது. முதல் சிக்னல்வரை தேன்போல் போனது. பச்சை விழுந்தது. கார் யோசித்தது, பாய்ந்தது, அடங்கியது. ரவூப் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தான்.

"அண்ணே. உங்க இடது கால் பிரேக்ல என்ன பண்ணுது?"

"ரெடியா இருக்கு."

"எதுக்கு?"

"ஏதாச்சும் குறுக்க வந்தா."

"வலது கால் ஆக்சிலரேட்டர்ல, இடது கால் பிரேக்ல. ரெண்டையும் ஒண்ணா அமுக்கினா கம்ப்யூட்டர் என்னண்ணே பண்ணும்? போன்னு சொல்றீங்களா, நில்லுன்னு சொல்றீங்களா? எத்தன தடவ மெமரிய அழிச்சாலும் திரும்ப இதையேதான் கத்துக்கும்."

ஆம்ப்ரோஸ் காரை ஓரம் கட்டினார். அவர் முன்பு வைத்திருந்த பழைய காரில் இடது காலுக்குக் கிளட்ச் இருந்தது. புதுக் காரில் அதற்கு வேலை இல்லை. ஒரு முழுக் கால் வேலையில்லாமல் கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அவரே அதற்கு ஒரு பதவி கொடுத்துவிட்டார். அதை ரவூபிடம் சொல்லவில்லை. "சீட் கொஞ்சம் முன்னாடி இருக்கு," என்றார்.

காலைத் தூக்கிவைக்க அவர் முயன்றது உண்மை. பட்டறைக்குத் திரும்பும் வழியில் அது மூன்று தடவை தானாகப் போய் பிரேக்கில் உட்கார்ந்தது.

"வேற யாராச்சும் இருந்தா ஓட்டச் சொல்லுங்கண்ணே," என்றான் ரவூப். "நல்லா ஓட்டுறவங்க. ஒரு வாரம். நான் இன்னொரு தடவ அழிச்சுத் தர்றேன்."

அன்று மாலை ஆம்ப்ரோஸ் சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "ரவூப் சொல்றான், ஒரு வாரம் நீ ஓட்டணுமாம்," என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு பிரிஜட் பேசிய முதல் வார்த்தை: "எதுக்கு?"

"டெஸ்ட்."

"என் கால் பட்டாத்தான் கெட்டுப்போகுமே."

அவர் சாவியை அவள் பக்கம் நகர்த்தினார். பிரிஜட் சாவியைத் தொடவில்லை. "எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் மாத்திச் சொல்லுங்க. அப்புறம் ஓட்டுறேன்," என்றாள்.

இரண்டு ஞாயிறுகள் ஆம்ப்ரோஸ் திருப்பலி முடிந்ததும் ஓட்டமாய் ஓடினார். மூன்றாம் ஞாயிறு முடியவில்லை. கோயில் வளாகத்தில் காப்பியும் வடையும் வைத்திருந்தார்கள். உர்சுலாவும் சம்பந்தி இயேசுதாசனும் மணமக்களும் வழியை மறித்தாற்போல் நின்றிருந்தார்கள். பிரிஜட் காப்பிக் கோப்பையோடு கணவருக்கு எதிரே வந்து நின்றாள்.

ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினார். "அந்தக் கார் விஷயம்," என்றார். "தீர விசாரிச்சாச்சு. கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல. பிரிஜட் மேலயும் தப்பு இல்ல."

"அப்ப யார் மேலண்ணே?" என்றாள் உர்சுலா.

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். "என் இடது கால். கொஞ்சம் ஆர்வம் அதிகம் அதுக்கு. நானும்... அன்னிக்கு வாசல்ல அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அவ ஓட்டினதுல வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

கல்யாணத்தன்று அடக்கிவைத்ததையெல்லாம் அன்று எல்லோரும் சிரித்துத் தீர்த்தார்கள். இயேசுதாசன் வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஆம்ப்ரோஸுக்குக் காது சிவந்தது. ஆனால் பிரிஜட் தன் காப்பியை அவர் கையில் கொடுத்தபோது, பல வாரமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

ரவூப் மறுபடியும் பேட்டரியைக் கழற்றி மாட்டினான். பிரிஜட் ஓட்டினாள். கார் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ஒரு வாரம் ஒரு மாதமாகி, பிறகு யாரும் கணக்கு வைக்கவில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆம்ப்ரோஸ் புது விளக்கம் வைத்திருந்தார்: நவீன வண்டியில் ஓட்டுவது சாதாரண வேலை, மேற்பார்வைதான் முக்கியம்.

அடுத்த ஆண்டு ஜூலையில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு எல்லை தாண்டிப் புக்கிட் மெர்தாஜாம் போனார்கள். பிரிஜட் ஓட்ட, உர்சுலா பின்னால் ஜெபமாலை சொல்ல, ஆம்ப்ரோஸ் முன்னிருக்கையில் வரைபடத்தைப் பிடித்திருந்தார். ஜொகூர்ப் பாலம் தாண்டுமுன்பே தூங்கிவிட்டார். வழியில் ஆயர் ஈத்தாமில் தேநீருக்கு நிறுத்தியபோதுதான் விழித்தார். பக்கத்து மேசைக்காரர் காரைக் காட்டி, ஓடுவது எப்படி என்று கேட்டார். ஆம்ப்ரோஸ் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்ரோல் செலவிலிருந்து ஆரம்பித்தார். கியருக்கு வருவதற்குள் பிரிஜட் காரில் ஏறி ஹாரன் அடித்தாள்.

"இழுத்து இழுத்துப் பேசாம வாங்க," என்றாள் உர்சுலா கண்ணாடியை இறக்கி. "அண்ணி கிளம்பிட்டாங்க."

அவர் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினார்.