வேம்பு அரைத்த மிளகாய்

விக்கிரமங்கலத்துக்குக் கிழக்கே வண்டிப்பாதையில் போனால் வரும் காலனித் தெருவில், வேம்புவின் வீடு கடைசிக்கு முந்தையது. கடைசி வீடு அம்சவள்ளியுடையது. நடுவில் ஒரு முள்வேலி, அதில் ஆள் நுழைந்து வரும்படி ஒரு சந்து. இரண்டு வீட்டுக்காரர்களும் பங்காளிகள். அதனால் அம்சவள்ளிக்கு வேம்பு அக்கா முறை.

வேம்புவின் புருஷன் உத்திராபதி அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை செய்தான். வாரத்துக்கு ஒருமுறை வெள்ளைத் தூசியோடு வந்து, துணியை மாற்றிக்கொண்டு போய்விடுவான். ஒரே மகளைச் செட்டிகுளத்தில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் வேம்புவும் அவள் கோழிகளும்தான். உப்பு, மண்ணெண்ணெய், தலைக்கு எண்ணெய் எல்லாம் முட்டையில் ஓடியது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது சேவலை அடித்துக் குழம்பு வைத்ததும், மருமகன் வந்தால் யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் சமாளித்ததும் அவளுக்குப் பெருமை. குஞ்சுகளுக்குக் கறையான் பிடிக்கப் பழைய பானையில் சாணியும் சருகும் போட்டுக் காட்டோரம் கவிழ்த்து வைப்பாள். மறுநாள் காலையில் பானையை நிமிர்த்திக் கொண்டுவந்து தட்டினால் குஞ்சுகள் காலைச் சுற்றிக்கொள்ளும்.

எண்பத்து மூன்றில் மழை இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. களத்தில் சிந்துவதற்குத் தானியம் இல்லாததால் கோழிகள் தீனி தேடி வெகுதூரம் போயின. போனவற்றில் பாதி திரும்பவில்லை. கழுத்தில் கடியோடு கிடந்தால் கீரி, இறகு வழிநெடுகச் சிதறிக் கிடந்தால் காட்டுப்பூனை என்று வேம்பு தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தாள். வைகாசியில் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் வந்து தெருவையே வழித்தெடுத்தபோது அவளுக்கு மிஞ்சியது ஒரு செவலைப் பெட்டையும் இளஞ்சேவல் ஒன்றும்தான்.

அந்தச் செவலையைத்தான் அடைவைத்தாள். மூலையில் உடைந்த கூடையில் மணல் பரப்பி, நல்ல முட்டைகளாகப் பொறுக்கி, இடி இடித்தால் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு இரும்புத்துண்டையும் கரித்துண்டையும் போட்டு வைத்தாள். இடியைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் போட்டாள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்தால்தான் அடுத்த வருஷம் கை ஊன்றி எழ முடியும்.

குஞ்சு பொரிக்க இரண்டொரு நாள் இருக்கும்போது, ஏரி தூர்வாரும் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தாள். கூடையில் முட்டைகள் மட்டும் இருந்தன. கோழி இல்லை. இறகு இல்லை, ரத்தம் இல்லை, கூடை கூடச் சாயவில்லை. முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தன. பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துப் பார்த்தாள். அடுப்பங்கரைச் சாம்பலின் இளஞ்சூட்டில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. கடைசியில் ஒன்றை உடைத்தாள். இறகு முளைத்து, மூக்கு முளைத்து, கண் மூடிய முழுக்குஞ்சு. இன்னொன்றையும் உடைத்தாள். மற்றவற்றை உடைக்கவில்லை.

வேம்பு தெருவுக்கு வந்து இரண்டு கையிலும் மண்ணை வாரினாள்.

"அடையில கெடந்த தாயத் தூக்கின கை எதுன்னு எனக்குத் தெரியாது. ஆத்தாளுக்குத் தெரியும். என் வூட்டுல குஞ்சு குளுந்து போன மாரி, தின்னவங்க வூட்டுலயும் குஞ்சு குளுந்து போவணும்" என்று சொல்லி மண்ணைத் தூற்றினாள்.

தெருவில் எல்லோரும் அய்யம்பெருமாளைத்தான் நினைத்தார்கள். சாராயத்துக்காக முன்பு ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கி அடிபட்டவன். வேம்புவும் அவனைத்தான் நினைத்தாள். அம்சவள்ளி வேலிச் சந்தில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "வுடுக்கா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கா" என்று இரண்டு தடவை சொன்னாள். வேம்பு கேட்கவில்லை. வீட்டுக்குள் போய் மிளகாயை அள்ளி அம்மியில் வைத்து அரைத்து, செல்லியம்மன் கோயிலுக்கு எடுத்துப் போனாள். அம்மன் கல்லில் பூசினால், அந்த எரிச்சல் திருடினவர் மேல் இறங்கும் என்பது ஊர் நம்பிக்கை.

பூசாரி மாயவன் தயங்கினார். "பூசறது சுளுவு வேம்பு. எடுக்கறது கஷ்டம். பூசின கையேதான் வந்து கழுவணும். யோசிச்சுக்க."

"யோசிக்க என்ன இருக்கு சாமி" என்று சொல்லி, கல்லின் முகத்தில் மிளகாயை வழித்துப் பூசிவிட்டு வந்தாள். அன்று முழுக்க அவள் கை எரிந்தது. மனசு ஆறியிருந்தது.

நாலைந்து நாள் கழித்து அம்சவள்ளியின் குழந்தைக்குப் பேதி கண்டது. முத்தாயி என்று பேர். தவழ்ந்து போய்க் கதவைப் பிடித்து நிற்கிற வயசு. குழந்தையின் அப்பன் ராசாங்கம் பஞ்சம் பிழைக்கக் கேரளாவுக்கு ரோட்டு வேலைக்குப் போயிருந்தான். கிணறு வற்றி, தெருவே ஏரிக்குள் ஊற்றுத் தோண்டிக் கலங்கல் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்த சமயம். வேறு வீடுகளிலும் பேதி இருந்தது.

வேம்பு போய்ப் பார்த்தாள். "டவுனுக்குக் கொண்டு போ புள்ள. ஊசி போட்டா நின்னுடும்."

"போறேங்க்கா" என்றாள் அம்சவள்ளி. போகவில்லை. மறுநாளும் போகவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வேம்புவின் வீட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குக் காசு இல்லையோ என்று வேம்பு கொஞ்சம் சில்லறை கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அப்படியே இருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வேலிச் சந்து வழியாக வந்தவள், கம்பு புடைத்துக்கொண்டிருந்த வேம்புவின் காலடியில் குழந்தையைக் கிடத்தினாள்.

"நான்தாங்க்கா எடுத்தேன்."

வேம்புவுக்கு முதலில் புரியவில்லை.

"பால் வத்திப் போச்சுக்கா. புள்ள சப்பிச் சப்பி அழுவுது. கோழிச்சாறு குடிச்சா பால் ஊறும்னு சொன்னாங்க. நீ வேலைக்குப் போனப்ப வந்தேன். அது ஓடக்கூட இல்லக்கா, அப்படியே கெடந்துச்சு. மாயவன் பூசாரியக் கேட்டேன். பூசின கைதான் கழுவணுங்கறாரு. வந்து கழுவிடுக்கா."

முறம் வேம்புவின் கையிலேயே இருந்தது. "என்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல" என்றாள்.

"கேட்டிருந்தா முட்டை குடுத்திருப்ப. கோழியக் குடுத்திருக்க மாட்ட."

அது உண்மை. அதனால்தான் வேம்புவுக்குக் கோபம் பொங்கியது. வேலிச் சந்தில் நின்று 'வுடுக்கா' என்று சொன்னவள், தெருவே அய்யம்பெருமாளைச் சொன்னபோது கேட்டுக்கொண்டு நின்றவள் இவள். உடைந்த முட்டைக்குள் பார்த்த குஞ்சு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"தூக்கிட்டுப் போ. காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். அம்சவள்ளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. கோயில் கூப்பிடு தூரம்தான்.

விடிந்ததும் வேம்புவே போய் அவளை எழுப்பினாள். குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்க் கல்லின் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். காய்ந்த மிளகாய் நகக்கண்ணில் ஏறியது. கழுவி முடித்துத் திருநீறு பூசக் குழந்தையின் நெற்றியைத் தொட்டபோதுதான் அதன் கண் உள்ளே போயிருப்பதைப் பார்த்தாள். தோலைக் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது.

"இதுக்கு மேல ஆத்தா ஒண்ணும் பண்ண மாட்டா. வா" என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். பஸ் நேரத்துக்கு வரவில்லை. வந்தபோது நல்ல கூட்டம்.

டவுன் ஆஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு அகப்படவில்லை. காலில் தேடினார்கள், தலையில் தேடினார்கள். உச்சி வெயில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. நர்ஸம்மா, பேர் குஞ்சம்மாள், வயசானவர், கோபமே இல்லாமல்தான் சொன்னார்: "தண்ணி வத்திப் போச்சும்மா. ரெண்டு நாளு முன்னால கொண்டாந்திருந்தா உப்பும் சக்கரையும் கலந்த தண்ணியிலயே பொழச்சிருக்கும்."

பிணத்தை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். வண்டி பிடிக்க வழியில்லை. வேம்பு குழந்தையை அம்சவள்ளியின் தோளில் சாய்த்து வைத்து, அவள் முந்தானையையே அதன் முகத்தில் போட்டாள். "அழுவாத. ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் அழுவாத" என்றாள்.

கண்டக்டர் வந்து பார்த்தான். "புள்ள தூங்குதா?"

"ஆமாங்க."

"காத்து வுடும்மா, மூடி வச்சிருக்கியே."

"வெயிலுங்க" என்றாள் வேம்பு. அம்சவள்ளி அழவில்லை. விக்கிரமங்கலத்தில் இறங்கி, வண்டிப்பாதையில் பாதி தூரம் போகிற வரைக்கும் அழவில்லை.

அதற்குப் பிறகு வேம்புவின் கோழிகளை யாரும் தொடவில்லை. இளஞ்சேவலை வைத்துக்கொண்டு ஒரு பெட்டையை வாங்கிச் சேர்த்தாள், அவை பெருகின. காயப்போட்ட நெல்லில் அவை ஏறிக் கொத்தினாலும் தெருப் பெண்கள் மெதுவாக, ஓரக்கண்ணால் அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்கள். அய்யம்பெருமாள் அவளைக் கண்டால் பாதையை விட்டு இறங்கி நடந்தான். உடையார்பாளையத்திலிருந்து ஒருத்தர் வந்து, தன் ஆட்டைத் திருடியவனுக்காக அவள் கையால் மிளகாய் அரைத்துப் பூச வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்தார். வேம்பு தட்டை எட்டி உதைத்தாள். அதுவும் அவள் பேரைக் கூட்டியது.

"தண்ணிதான் காரணம். நர்ஸம்மா சொன்னாங்க, நான் காதால கேட்டேன்" என்று ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொன்னாள். ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அம்சவள்ளியிடமும் சொன்னாள்.

அம்சவள்ளி துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்: "தண்ணிதான்னா, நான் எதுக்குக்கா மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்?"

சாபம் என்றால் குழந்தையைக் கொன்றது வேம்பு. தண்ணீர் என்றால், பஸ் காசை முந்தானையில் முடிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது குழந்தையைப் பெற்றவள். அன்றைக்குப் பிறகு வேம்பு யாரிடமும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. உத்திராபதியிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள்: "கொன்னது நான்தான்னே இருந்துட்டுப் போவட்டும்." அதற்குள் வேலியில் இருந்த சந்தை யாரோ முள் வெட்டி அடைத்திருந்தார்கள்.

ராசாங்கம் ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். அவர்களுக்கு அடுத்து ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு மூன்று வயசாகும்போது காய்ச்சல் கண்டது. ராசாங்கம் வேலி ஓரம் வந்து கும்பிடு போடுகிற மாதிரி நின்றான்.

"அண்ணி, எதுவும் மனசுல வச்சுக்காதீங்க. ஒரு தடவை அந்தக் கல்லக் கழுவிடுங்க."

"நான் ஒண்ணும் பூசலியேடா."

"இருக்கட்டும் அண்ணி. அவ கேக்கறா."

வேம்பு வேலிக்கு அப்பால் பார்த்தாள். அம்சவள்ளி பையனை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கழுவறேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் இப்பவே பஸ்ஸுக்குக் கெளம்பணும். நீங்க ரோட்டுல ஏறினாத்தான் நான் கல்லுல கைய வைப்பேன்" என்றாள்.

அவர்கள் பையனைப் போர்த்திக்கொண்டு வண்டிப்பாதையில் இறங்கி, தூரத்தில் புள்ளியாகிற வரைக்கும் நின்று பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கல்லில் எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர எதுவும் இல்லை. மாயவன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றிக் கழுவினாள்.

பையன் பிழைத்துக்கொண்டான். திரும்பி வந்த அன்று ராசாங்கம் வந்து சொல்லிவிட்டுப் போனான். அம்சவள்ளி வரவில்லை. அவள் வருவாள் என்று வேம்பு எதிர்பார்க்கவும் இல்லை.