நேரில் வந்து அழைக்காத ஊர்

திங்கட்கிழமைதோறும் என் பெயர் ஒட்டிய கடிதப் பொந்தில் ஓர் அட்டை கிடக்கும். இந்த நாட்டில் ஒரே கட்டடத்துக்குள் இருப்பவர்கள்கூட இப்படி அட்டை போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள். வட இங்கிலாந்தில் மழை ஓயாத ஓர் ஊரின் பல்கலைக்கழக ஓவியப் பள்ளியில் நான் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். அங்கே வெளியிலிருந்து ஓவியர்கள் ஒருவர் மாற்றி ஒருவராக விருந்தினராக வருவார்கள். வியாழன் மாலை அவர்களுடைய கண்காட்சி திறக்கும். அட்டையில் ஓவியர் பெயரும் நேரமும் இருக்கும். அதன் கீழே ‘அனைவரும் வருக’. அனைவரும் என்றால் யார்? எங்கள் ஊர் போடிநாயக்கனூரில் அப்படி அச்சடிப்பது கட்சிக் கூட்டத்து நோட்டீசில்தான். போனாலும் போகலாம், போகாவிட்டாலும் யாரும் தேடமாட்டார்கள்.

நான் போகவில்லை. வியாழக்கிழமைகளில் இஸ்திரி போட்ட சட்டையோடு மாடியில் என் வேலையறையில் உட்கார்ந்திருப்பேன். கீழே கோப்பைகள் உரசும், யாராவது பெரிதாகச் சிரிப்பார்கள். ஒருவர் படியேறி வந்து வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இறங்கிவிடுவேன். கயிறுகளைத் தொங்கவிட்ட அமெரிக்கர் வந்து போனார். மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் போலந்துக்காரர் வந்து போனார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைக்கும் டச்சுப் பெண்மணியும் வந்து போனார். யாரும் படியேறவில்லை. ஐப்பசியில் தொடங்கி மாசி வந்துவிட்டது. அப்படி ஒரு தனிமையை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. குற்றம் முழுக்க அவர்களுடையது என்றுதான் நம்பினேன்.

இந்த வீம்பு அப்பா வழியில் வந்தது. அப்பாவுக்குக் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம். அவருடைய தம்பி, என் சித்தப்பா, போடிமெட்டில் கடை வைத்திருந்தார். தன் மகள் கல்யாணத்துக்கு மலையிறங்கி வந்து சொல்ல நேரமில்லாமல், பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். கல்யாணம் போடியில், எங்களுக்கு அடுத்த தெரு மண்டபத்தில். அன்று காலை அப்பா குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். மேளச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

“கூடப் பொறந்த தம்பி வீட்டுக் காரியம். வெரசா போயி தலையக் காட்டிட்டு வந்துருங்களேன்” என்றாள் அம்மா.

“காகிதம் தபால்ல வந்துச்சு, வாழ்த்தும் தபால்ல போகும். எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்கு” என்றார் அப்பா.

ஒரு சோலியும் இல்லை. கெட்டிமேளம் ஓயும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் புது வேட்டியோடே ஜீப்பேறி மலைக்குப் போனார். அதன் பிறகு நாலு வருடம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

மாசிக் கடைசியில் என் ஆசிரியை மார்கரெட் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். பருவ முடிவில் ஒரு வாரத்துக்குச் சிறிய கண்காட்சி அறையை மாணவர் ஒருவருக்குக் கொடுப்பார்கள். இந்த முறை என்னைத்தான் நினைத்திருந்தார்களாம். ஆனால் விருந்தினர் ஒருவருடைய திறப்புக்கும் நான் வராததால், மற்றவர் வேலையை மதிக்காதவன் என்று ஆசிரியர்கள் எண்ணுகிறார்களாம். கடல் தாண்டி வந்ததே அப்படி நாலு சுவருக்காகத்தான். என்னை யாரும் அழைக்கவில்லையே என்றேன். அவர் அட்டையை எடுத்துக் காட்டினார். அது அட்டைதானே என்றேன். நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். ஊரில் யாராவது பிகு செய்தால், உனக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கணுமா என்று கேலி பேசுவோம். ஆமாம், எனக்கு வைக்கத்தான் வேண்டும் என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

அடுத்த வியாழன்களில் அழையா விருந்தாளியாகப் போய்ச் சுவரோரம் நின்றேன். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. கடைசியில் அந்த அறை எனக்கே கிடைத்தது.

என் கண்காட்சிக்காவது முறைப்படி அழைப்போம் என்று, ஒரு தட்டில் ஆரஞ்சும் சர்க்கரைக் கட்டிகளும் வைத்துக்கொண்டு, நான் குடியிருந்த தெருவில் வீடு வீடாகப் போனேன். தங்களுக்கு ஏற்கெனவே ஒரு சர்ச் இருப்பதாகச் சொல்லி ஒரு பெண்மணி பதமாகக் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் லவ்லி என்று சொல்லி ஆளுக்கொரு ஆரஞ்சு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் தட்டில் கைவைத்துவிட்டால் வருகிறார்கள் என்று அர்த்தம். திறப்பன்று பள்ளியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள், எல்லோரும் பொந்தில் கிடந்த அட்டையைப் பார்த்து. ஆரஞ்சு எடுத்தவர்களில், எனக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மாள் மட்டும் வந்தார். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போகும் தோட்டத்து ஆட்களை வரைந்திருந்தேன். இவர்களெல்லாம் உன் சொந்தக்காரர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்தான், ஆனால் அந்த மாலையில் அப்படித்தான் இருந்தது.

அதே வாரம் அப்பாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. தங்கை செல்விக்கு ஆவணியில் கல்யாணம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய இருபத்தைந்து பத்திரிகைகள். கூடவே கடிதம்: அந்த ஊரில் உனக்கு வேண்டப்பட்டவர்கள் எத்தனை பேரோ தெரியவில்லை, தபாலில் போட்டுவிடாதே, நம் வீட்டின் சார்பாக நீயே நேரில் போய்க் கொடு. பத்திரிகையின் அடியில், அழைக்கும் குடும்பத்தார் வரிசையில் என் பெயர்: சுந்தரம், லண்டன். லண்டனை நான் விமானம் இறங்கிய அன்று பார்த்ததோடு சரி.

வீட்டுக்கார அம்மாளுக்கு ஒன்று கொடுத்தேன். மார்கரெட்டுக்கு ஒன்று. மார்கரெட் மஞ்சளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார். படிப்பு முடியும்வரை போக வழியில்லை என்றேன்.

“நீயே போகாத கல்யாணத்துக்கு என்னை எப்படி அழைக்கிறாய்?”

அதில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மீதி இருபத்து மூன்று. அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். தினமும் வணக்கம் சொல்லும் மீன்கடைக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வந்து போன ஓவியர்களுக்கு என்னைத் தெரியாது. எல்லோருக்கும் கொடுத்தாயிற்று என்று அப்பாவுக்கு எழுதியாக வேண்டும். கடைசியில் ஓர் உறையை எடுத்து, ‘திரு. சுந்தரம் அவர்கள்’ என்று எழுதினேன். உறையின் மேல், வரவேண்டியவனாக என் கையெழுத்தில் நான். உள்ளே, வாசலில் நின்று வரவேற்பவனாக அச்சில் நான். முகூர்த்தத்தன்று அந்த இரண்டு பேரில் ஒருவன்கூடப் போடியில் இல்லை.