ஃப்ளஷ் டேங்கில் வளைந்த கம்பி

போன வாரம் எங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஃப்ளஷ் சரியாக வேலை செய்யவில்லை. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் மனமில்லாமல் இறங்கியது. பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் நானே மூடியைக் கழற்றி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, மிதவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று டைரியில் குறித்துக்கொண்டேன். எழுதும்போதுதான், இதே வேலையை ஒன்பது வயதில் ஒரு நாற்பது பக்க நோட்டில் செய்தது நினைவுக்கு வந்தது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்போது ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்ப்பது அப்பாவின் வேலை. எங்கள் தெருவில் முதன்முதலாக ஃப்ளஷ் டேங்க் மாட்டியவரும் அவர்தான். பாரிமுனையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மொட்டைமாடியில் ஒரு நீல டிரம்மை நிறுத்தி, அதிலிருந்து குழாய் இறக்கினார். தண்ணீருக்குத் தெருமுனையில் அடிபம்பு. பம்பிலிருந்து டிரம் வரை முப்பத்து நான்கு படிகள். எண்ணி எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் மாதம் அக்கம்பக்கத்தார் வந்து கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஃப்ளஷ் சோர்ந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத் திருவொற்றியூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கழிப்பறைக்குப் போனார். மூன்று தடவை இழுத்தது கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. வெளியே வந்தபோது அவர் முகம் சரியில்லை. இரண்டு நாளில், இடம் ஒத்துவராது என்று சொல்லி அனுப்பினார்கள். ஃப்ளஷ்தான் காரணம் என்று அப்பா முடிவு கட்டினார். அடுத்த மாதம் எர்ணாவூரிலிருந்து இன்னொரு குடும்பம் வருவதாக இருந்தது. அதற்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் தங்கைக்குக் கல்யாணமே ஆகாது என்பதுபோல் தவித்தார்.

“பொண்ண பாக்க வர்றாங்களா, கக்கூச பாக்க வர்றாங்களா?” என்றாள் அத்தை.

“நீ சும்மா கெட,” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. அப்பா முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கழிப்பறைக் கோப்பையில் வேகமாக ஊற்றினார். எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது. கீழே அடைப்பு இல்லை, கோளாறு டேங்கில்தான் என்று என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். அடுத்த ஞாயிறு வாஷரை மாற்றினார். பலன் இல்லை. மூன்றாம் வாரம், அம்மாவின் தம்பியான மாமா வந்தார். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்.

“இன்னா மாமா, கப்பல் சரக்கையே தூக்குற ஆளு நீ. இத்தினூண்டு டப்பா உன்ன பேஜார் பண்ணுதா?” என்று அப்பாவைச் சீண்டிவிட்டு, மிதவையைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். “இது எங்க மெதக்குது? தூங்கிகினு கீது.”

மறுநாள் வலையில் கட்டுகிற பெரிய ஆரஞ்சு மிதவை ஒன்றைக் கொண்டுவந்து, நைலான் கயிற்றால் கம்பியில் இறுக்கிக் கட்டினார். தண்ணீர் முன்னைவிடக் கீழேயே நின்றுவிட்டது. “நல்லா மெதக்குதா இல்லியா, அதச் சொல்லு,” என்றார் மாமா. மிதந்தது. அதில் குறை சொல்ல முடியாது. அவர் போனதும் அப்பா பழைய மிதவையையே திரும்ப மாட்டினார்.

டேங்கோடு வந்த விளக்கத்தாளை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதை எடுத்துப் படத்தையும் டேங்கையும் மாறிமாறிப் பார்த்தேன். படத்தில் மிதவைக் கம்பி நேராக இருந்தது. எங்கள் கம்பி நடுவில் கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதனால் மிதவை தாழ்வாகவே நின்று, டேங்க் பாதி நிறைவதற்குள் தண்ணீரை அடைத்துவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். அவர் கம்பியை நிமிர்த்தினார். தண்ணீர் டேங்குக்குள் போட்டிருந்த கோடு வரை ஏறியது. இழுத்ததும் டேங்க் முழங்கியது. அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அன்று காரணமே இல்லாமல் பதினோரு தடவை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் பார்த்தால் கம்பி மறுபடியும் வளைந்திருந்தது. நிமிர்த்தினேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அத்தை கவிழ்த்த வாளியின் மேல் நின்றுகொண்டு டேங்குக்குள் கையை விட்டிருந்தாள். இடுப்புப் பக்கம் புடவை நனைந்திருந்தது.

“இன்னா அத்த பண்றே?”

“ஒண்ணுமில்ல கண்ணு. இப்டி வளைச்சி வுட்டா அரைக் கொடத்தோட போவுது. நேரா இருந்தா ஒரு கொடத்த முழுங்கிடுது. அண்ணங்கிட்ட சொல்லாத, இன்னா?”

சொல்லவில்லை. ஆனால் நோட்டில் எழுதினேன்: ‘கம்பி வளைந்தால் அரைக் குடம். நேராக இருந்தால் ஒரு குடம். அத்தையும் பழுது பார்க்கிறாள்.’ எழுதி முடித்துவிட்டு, படத்தில் இருப்பதுதான் சரி என்று அவள் எதிரிலேயே வாளியில் ஏறிக் கம்பியை நிமிர்த்தினேன். அத்தை கோபப்படவில்லை. ஈரக்கையால் என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பம்புக்குப் படியிறங்கினாள். அதன் பிறகு கம்பி வளையவில்லை.

எர்ணாவூர்க்காரர்கள் வந்தார்கள். இந்த மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருமுறை எழுந்து கழிப்பறைக்குப் போனார். அப்பா பஜ்ஜியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். டேங்க் முழங்கியது. மாமா அப்பாவின் காதருகே குனிந்து, “ஹாரன் அட்ச்சிட்ச்சி மாமா. இனி கப்பல் கெளம்பிடும்,” என்றார். இடம் அன்றைக்கே முடிவானது. கடைசிவரை அந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தது ஃப்ளஷ் என்றே அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் அத்தை எர்ணாவூருக்குப் போனாள். மூன்றாம் நாள் காலையில் கைப்பிடியை இழுத்தால் டேங்கிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அப்பா மூடியைக் கழற்றினார். மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். இருவரும் வாஷரைப் பிரித்துப் பார்த்தார்கள். மாமா மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினார். நான் விளக்கத்தாளை விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதினேன்.

அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். பென்சில் மங்கியிருந்தாலும் கையெழுத்து ஒழுங்காகத்தான் இருக்கிறது.

‘அடைப்பு இல்லை. வாஷர் சரி. மிதவை சரி. கம்பி நேராக இருக்கிறது. மேலே டிரம்மிலும் தண்ணீர் இல்லை. காரணம் தெரியவில்லை.’